சலவைக் கூடத்தில் தலைமைப் பண்பு

ஒருவரிடம் குறை சொல்வதற்கு முன்னால் மூன்று நல்ல வார்த்தைகள் சொல்லியாக வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சலவைக் கூடத்தின் மேற்பார்வையாளர் துணி மடிக்கும் மேசைக்கு முன்னால் ஐந்து நிமிடமாக நின்றுகொண்டிருந்தார். குறை தயாராக இருந்தது. தலையணை உறைகளில் ஒரு கட்டு முழுவதும் தையல் வெளியே தெரிய மடிக்கப்பட்டிருந்தது. நல்ல வார்த்தைதான் ஒன்றுகூட அகப்படவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் பெரியக்கா. இருபத்திரண்டு வருடமாக அந்த மருத்துவமனையின் விரிப்பும் போர்வையும் அவள் கைபட்டுத்தான் வார்டுகளுக்குப் போயின. அவள் ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, கால் வலித்தால் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னாள்.

"அக்கா, நீங்க தினமும் நேரத்துக்கு வந்துடறீங்க" என்றார் அவர்.

பெரியக்காவின் கை நின்றது.

"உங்க வேலை ரொம்ப சுத்தம்."

பெரியக்கா உறையைக் கீழே வைத்தாள்.

மூன்றாவது வார்த்தைக்கு அவர் கூரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், உருளை இஸ்திரி இயந்திரத்தைப் பார்த்தார். "உங்களை மாதிரி ஒருத்தர் இனிமே இந்த இடத்துக்குக் கிடைக்கவே மாட்டாங்க" என்று சொல்லி முடித்தார். மூன்றும் முடிந்த நிம்மதியில் குறையைச் சொல்ல மறந்துபோய்ப் பக்கத்து மேசைக்கு நடந்தார்.

பெரியக்கா அந்த ஸ்டூலைத் தனக்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "உண்மையைச் சொல்லு தம்பி" என்றாள் மெதுவாக. "போகப் போறது யாரு? நீயா, நானா?"

அந்த மனிதருக்கு மருத்துவமனை முழுவதும் மடிப்பு என்றுதான் பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். இப்போது சம்பளப் பட்டியலில் உள்ள பெயரைச் சொன்னால் அவரே ஒரு நொடி யோசிப்பார். விரிப்பில் விரல் அகலத்துக்குக் கோணல் இருந்தாலும் பிரித்துத் திரும்ப மடிக்கச் சொல்வார். படுத்த படுக்கையாகக் கிடப்பவனின் முதுகைப் புண்ணாக்க ஒரு சுருக்கம் போதும் என்பது அவர் கட்சி. அதைக் கத்தித்தான் சொல்வார். சலவைக் கூடத்தில் இயந்திர இரைச்சல் அப்படி. இருபது வருடமாகக் கத்தினார், துணி ஒழுங்காகப் போனது, யாருக்கும் யார்மீதும் வருத்தம் இருந்ததில்லை.

பிறகுதான் அவருக்கு நல்ல காலம் வந்தது.

ஒரு மாதத்துக்கு முன்னால் நிர்வாக அதிகாரி அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அந்த அறையில் மடிப்பு அதுவரை உட்கார்ந்ததே இல்லை. நான்கு துண்டு குறைந்ததற்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தபோதுகூட நின்றுதான் வாங்கியிருந்தார். அதிகாரி தலைமைப் பண்பைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். நிர்வாகம் என்பது இனிமேல் பழைய மாதிரி இருக்காது என்றார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "உங்களை மாதிரி ஆளுங்கதான் தேவை" என்றார்.

அந்த மாதம்தான் மருத்துவமனையின் பொது மேற்பார்வையாளர் ஓய்வு பெற்றிருந்தார். அவருடைய அறை காலியாகக் கிடந்தது. அதில் சுழல் நாற்காலி ஒன்று உண்டு. மடிப்புக்கு இரண்டையும் இரண்டையும் கூட்டத் தெரியும்.

அதிகாரி நீட்டிய விண்ணப்பத்தில் அவர் பெயர் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. சமுதாயக் கல்லூரியில் மூன்று மாதச் சான்றிதழ் வகுப்பு. திங்கள், புதன், வெள்ளி மாலை ஐந்திலிருந்து ஏழு வரை. ஆளுமை வளர்ச்சி, தலைமைப் பண்பு, மானுடக் கல்வி என்று மூன்று பாடம். மூன்றையும் படிக்க ஒரு மனிதனுக்கு ஒரு ஆயுள் போதாது என்று நினைத்திருந்தவர்களுக்கு, முப்பத்தாறு மாலைகள் போதும் என்று அந்தத் தாளில் போட்டிருந்தது.

கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சொன்னார். மனைவி அன்றைக்கே தன் அக்காவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டாள். அக்காவின் கணவருக்கு, அதாவது மடிப்பின் சகலைக்கு, இரண்டு வருடத்துக்கு முன்னால் அலுவலகத்தில் தனி அறை கொடுத்திருந்தார்கள். அன்றிலிருந்து மடிப்பின் வீட்டில் அறை என்ற சொல்லை யாரும் உச்சரித்ததில்லை. கதவு, ஜன்னல் என்றுதான் பேசிக்கொண்டார்கள். அதனால் இனிப் பின்வாங்க வழியில்லை.

சமுதாயக் கல்லூரி ஒரு பழைய டயர்க் கிடங்கின் மாடியில் இருந்தது. ரப்பர் வாடை போகாத நீள அறையில் பன்னிரண்டு நாற்காலிகள். முதல் நாள் உள்ளே நுழைந்ததும் மடிப்புக்கு முகம் சுருங்கியது. மருத்துவமனைச் சமையல்காரர் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பின்னால் ஆம்புலன்ஸ் ஓட்டுநர், மின்சாரக்காரர், வாசல் காவலாளி, பிணவறை உதவியாளர் என்று எல்லாம் தெரிந்த முகங்கள். ஒருவரையொருவர் பார்த்ததும், மதில் ஏறிக் குதித்த இடத்தில் சந்தித்துக்கொண்ட பள்ளிப் பிள்ளைகளைப் போல எல்லோரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

மடிப்பு யோசித்துப் பார்த்து மனதைத் தேற்றிக்கொண்டார். தலைவன் என்று ஒருவனைத் தயார் செய்தால் பின்னால் நடக்கவும் பதினொரு பேர் வேண்டும்தானே. ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் மடிப்பைப் பார்த்து அதையேதான் நினைத்தார் என்பது அவருக்குத் தெரியாது.

பயிற்றுநருக்கு முப்பது வயது இருக்கும். கறுப்புக் கோட்டு. எல்லா நாளும் அதே கோட்டு. மற்றவர்கள் பேசும்போது புன்னகை செய்வார். தான் பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார். வருகைப் பதிவை வகுப்பு ஆரம்பிக்கும்போது ஒருமுறையும் முடியும்போது ஒருமுறையும் எடுப்பார். அவர் பிழையில்லாமல் செய்த காரியம் அது ஒன்றுதான்.

முதல் பாடம் தலைவனின் நடை. தோளை உயர்த்தி, மூச்சை இழுத்து, அறையைச் சுற்றி எல்லோரும் நடந்தார்கள். கீழே டயர்க் கிடங்கில் இருந்தவர்கள் மேலே ஏதோ இடிகிறது என்று வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நடந்து முடிந்ததும், தனக்குக் கீழே இருப்பவர்கள் சொல் பேச்சுக் கேட்காவிட்டால் ஒரு தலைவன் என்ன செய்ய வேண்டும் என்று பயிற்றுநர் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டு வந்தார்.

பிணவறை உதவியாளர் எழுந்து கைகட்டி நின்றார். "என்கிட்ட வர்றவங்க யாரும் இதுவரைக்கும் எதிர்த்துப் பேசினதில்லைங்க."

அதுதான் சிறந்த தலைமை என்று பயிற்றுநர் கைதட்டச் சொன்னார்.

இப்படியாக நான்கு வாரம் படித்துத்தான் மடிப்பு பெரியக்காவைப் பாராட்டினார். அதன் பலன் மதியத்துக்குள் தெரிந்துவிட்டது. மடிப்பின் வாயிலிருந்து நல்ல வார்த்தை வருகிறதென்றால் சலவைக் கூடத்தை மூடப் போகிறார்கள், துணியை வெளியே கொடுத்து வெளுக்கப் போகிறார்கள் என்று அங்கே வேலை பார்த்த பதினொரு பேரும் முடிவுக்கு வந்தார்கள். இரண்டு பெண்கள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வேறு வேலை கேட்கப் போனார்கள். பாய்லர்காரர் தன் அனுபவச் சான்றிதழை எழுதித் தரச் சொல்லி வெள்ளைத்தாளுடன் வந்து நின்றார். பெரியக்கா தன் பெட்டியைக் காலி செய்து, இருபத்திரண்டு வருடமாக அதில் சேர்ந்திருந்த ஊசி, நூல்கண்டு, பித்தான்களை மற்றவர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தாள்.

அப்படி எதுவும் இல்லை என்று மடிப்பு மன்றாடினார். அவர் கத்தாமல் மென்மையாகச் சொன்னதால் யாரும் நம்பவில்லை.

புதன்கிழமை பயிற்றுநரிடம் சொன்னார். பயிற்றுநர் கண்ணை மூடிக்கொண்டு, இது தகவல் தொடர்பில் உள்ள அடைப்பு என்றார். எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து மனதைத் திறக்கச் சொல்ல வேண்டும். ஒருவர் பேசி முடிக்கும்வரை இன்னொருவர் குறுக்கிடவே கூடாது. தலைவன் தலையைச் சற்றே சாய்த்துக் கேட்க வேண்டும். எத்தனை பாகை சாய்க்க வேண்டும் என்பதையும் காட்டினார்.

அந்தப் பாடத்தை மடிப்பு முதலில் வீட்டில் ஒத்திகை பார்த்தார். மறுநாள் காலை மனைவி பால் தீர்ந்துவிட்டது என்றாள்.

அவர் தலையைச் சாய்த்தார். "நீ சொல்ல வர்றது, பால் இல்லாததுனால உன் மனசு கஷ்டப்படுதுன்னு. நான் சரியாப் புரிஞ்சுக்கிட்டேனா?"

"பால் இல்லைன்னா பால் இல்லைன்னு அர்த்தம். கழுத்துல என்ன, சுளுக்கா?"

ஒத்திகை சரியாக வரவில்லை என்றாலும் அவர் சலவைக் கூடத்தில் அரங்கேற்றிவிட்டார். வெளிநோயாளிகள் காத்திருக்கும் கூடத்திலிருந்து பன்னிரண்டு நாற்காலிகளை எடுத்துவந்து வட்டமாகப் போட்டார். அங்கே பன்னிரண்டு நோயாளிகள் நின்றார்கள். ஒருவருடைய முறை முடியும்வரை மற்றவர்கள் எழுந்திருக்கவோ பேசவோ கூடாது என்று அறிவித்தார். யார் முதலில் மனதைத் திறப்பது என்று கேட்டார். வாழ்நாளில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியறியாத பாய்லர்காரர் கையைத் தூக்கினார்.

பாய்லர்காரரின் மனதில் அவருடைய மச்சான் இருந்தான். மச்சான் வந்தது, தங்கியது, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனது, அந்தச் சைக்கிள் திரும்பி வந்தபோது மணி இல்லாமல் இருந்தது என்று பத்து வருடக் கதை வரிசையாக வெளியே வந்தது. இருபதாவது நிமிடத்தில் லேசாகக் கருகல் வாடை அடித்தது. பெரியக்கா கையைத் தூக்கினாள். மடிப்பு தலையைச் சாய்த்தபடியே, உங்கள் முறை வரும் என்று சைகை காட்டினார். முப்பதாவது நிமிடத்தில் புகை வந்தது. பெரியக்கா இரண்டு கையையும் தூக்கினாள். மச்சான் அப்போதுதான் இரண்டாவது முறையாக வந்து இறங்கியிருந்தான். நாற்பதாவது நிமிடத்தில் பெரியக்கா முறையும் பார்க்கவில்லை, வட்டமும் பார்க்கவில்லை, நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு ஓடி உலர்த்தும் இயந்திரத்தை நிறுத்தினாள்.

நூற்று நாற்பது விரிப்புகள் தேநீர் நிறத்துக்கு வந்திருந்தன.

மடிப்புக்கு அன்று சோறு இறங்கவில்லை. நான்கு துண்டுக்கு மெமோ கொடுத்தவர்கள் நூற்று நாற்பது விரிப்புக்கு வேலையையே எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தார். அவர்கள் எடுப்பதற்கு முன்னால் தானே ஒப்புக்கொண்டுவிடலாம் என்று அதிகாரியின் அறைக்குப் போனார். நடந்ததை மறைக்காமல் சொன்னார். இந்தப் படிப்பு தனக்கு ஒத்துவரவில்லை, வகுப்பிலிருந்து நின்றுகொள்கிறேன், பழையபடி கத்திக்கொண்டு வேலை பார்க்கிறேன் என்றார்.

விரிப்புகள் கருகியதைக் கேட்டபோது அதிகாரியின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. வகுப்பிலிருந்து நிற்கிறேன் என்றதும் எழுந்தே விட்டார்.

"கருகினது துணிதானே, அதை நான் பார்த்துக்கிறேன்" என்றார். "கிளாஸை மட்டும் விட்டுடாதீங்க. ஒரு நாள்கூட. என்மேல மரியாதை இருந்தா."

மேசையைச் சுற்றி வந்து மடிப்பின் தோளில் கையும் போட்டார். மடிப்பு திரும்பி வரும்போது தலைவனின் நடை தானாகவே வந்தது. நூற்று நாற்பது விரிப்பை மன்னிக்கிறார்கள் என்றால் தன்னை எந்த உயரத்தில் வைத்துப் பார்க்கிறார்கள் என்று நினைக்க நினைக்க அவருக்கு மெய்சிலிர்த்தது. வழியில் பொது மேற்பார்வையாளரின் காலி அறைக்குள் எட்டிப் பார்த்து, சுழல் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார்.

அடுத்த வாரத்துப் பாடம் பொறுப்பைப் பகிர்ந்தளித்தல். நல்ல தலைவன் தொண்டர்களை உருவாக்குவதில்லை, தலைவர்களையே உருவாக்குகிறான் என்று பயிற்றுநர் சொன்னார். ஒவ்வொருவரையும் ஒரு பொறுப்புக்குத் தலைவராக்கிவிட்டுத் தலைவன் தூர நின்று பார்க்க வேண்டும். மின்சாரக்காரர், தூர நின்று பார்த்தால் ஃபியூஸ் போடுவது யார் என்று கேட்டார். எதிர்மறை எண்ணங்களை வாசலிலேயே செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வரும்படி அவருக்குச் சொல்லப்பட்டது.

மடிப்பு பதினொரு அட்டைகள் எழுதிப் பதினொரு பேரின் சட்டையிலும் குத்தினார். அழுக்குத் துணி பிரிக்கும் தலைவர், துவைக்கும் தலைவர், உலர்த்தும் தலைவர், நீராவித் தலைவர், தள்ளுவண்டித் தலைவர். மடிக்கும் தலைவர் அட்டையைப் பெரியக்கா வாங்கிப் பார்த்தாள். "இத்தனை வருஷமா நான் என்னவா இருந்தேனாம்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு வகுப்பில் பதில் சொல்லித் தந்திருக்கவில்லை.

இரண்டு நாள் எல்லாம் நன்றாகத்தான் போனது. அட்டையைப் பழகிக்கொள்ள எல்லோருக்கும் இரண்டு நாள் பிடித்தது. மூன்றாம் நாள் நீராவித் தலைவரான பாய்லர்காரர், ஆறு மணிக்குப் பாய்லரைப் பற்றவைப்பது மூடப் பழக்கம், இனி பத்து மணி என்று முடிவெடுத்தார். துவைக்கும் தலைவர், நீராவி வராமல் துவைப்பது தன் பதவிக்கு இழுக்கு என்று உட்கார்ந்துவிட்டார். இருந்த துணியையாவது கொடுத்தனுப்பலாம் என்றால், தள்ளுவண்டித் தலைவர் வண்டிக்குப் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். வண்டி தள்ள ஆள் கொடுங்கள், நான் வழிநடத்துகிறேன் என்றார். கூடத்தில் பதினொரு தலைவர்கள் இருந்தார்கள். தள்ளத்தான் ஒருவரும் இல்லை. மடிப்பு பாடத்தின்படி தூர நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பதரைக்கு அறுவைச் சிகிச்சை மருத்துவர் மாடியிலிருந்து தானே இறங்கி வந்தார். எட்டு மணிக்கு வர வேண்டிய பச்சைத் துணி மூட்டைகள் எங்கே என்று கேட்டார். மடிப்பு தலையைச் சாய்த்து, உங்கள் ஆதங்கம் புரிகிறது என்று ஆரம்பித்தார். மருத்துவர் அவர் மணிக்கட்டைப் பிடித்து மாடிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

அறுவை அரங்கின் வாசலில் தள்ளுகட்டிலில் ஒரு பெரியவர் படுத்திருந்தார். நேற்று மாலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காதவர். மருத்துவமனை அங்கி முழங்காலுக்கு மேலேயே நின்றுவிட்டிருந்தது; மேலே போர்த்த விரிப்பு இல்லை. போகிற வருகிறவர்கள் பார்க்கிறார்களே என்று இரண்டு உள்ளங்கைகளாலும் முழங்கால்களை மூடிக்கொண்டிருந்தார். மடிப்பைப் பார்த்ததும், "டாக்டரய்யா, இன்னிக்காவது செய்வீங்களா?" என்று கேட்டார்.

மடிப்பு தன் சட்டையைக் கழற்றி அந்த முழங்கால்கள்மேல் போட்டுவிட்டு, பனியனோடு படியிறங்கி ஓடினார்.

"அட்டையை எல்லாம் கழட்டுங்கடா" என்று அவர் போட்ட சத்தம் வெளிநோயாளிகள் கூடம்வரை கேட்டது. பாய்லர் பற்றியது. துவைப்புத் தொட்டி சுற்றியது. தள்ளுவண்டித் தலைவர் ஒரு நொடியில் பழைய ஆளாகி வண்டியின் பின்னால் போய் நின்றார். மடிப்பே உருளை இஸ்திரிக்கு முன்னால் நின்று ஒவ்வொரு துணியாக இழுத்தார். கோணலாக வந்த ஒன்றைப் பெரியக்காவின் மேசையில் திரும்ப வீசி, கண் எங்கே இருக்கிறது என்று கேட்டார். ஒன்றரை மணி நேரத்தில் கிருமி நீக்கம் வரை முடிந்து மூட்டைகள் மேலே போய்விட்டன.

பெரியக்கா நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "அப்போ கூடத்தை மூடலைதானே தம்பி?" என்றாள்.

அன்று மாலை வகுப்பில் மானுடக் கல்வித் தேர்வு. மனிதனை மனிதனாக்குவது எது என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். மடிப்பு வேறெதையும் யோசிக்கவில்லை. முழங்காலை மூடிக்கொண்டிருந்த பெரியவரை எழுதினார். உடம்பு எத்தனை வலித்தாலும் மானத்தை மூடக் கை தேடுகிறதே, அந்தக் கைக்கு வேலை வைக்காமல் நேரத்துக்கு ஒரு துணி கொண்டுபோய்ச் சேர்ப்பவனும் கொஞ்சம் மனிதன்தான் என்று எழுதினார். எழுதும்போது எழுத்து கலங்கியது, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். மூன்று மாதத்தில் அந்த மாடியில் படித்த மானுடம் அந்த ஒரு பக்கம்தான்; அதையும் மாணவர்தான் எழுதினார்.

திங்கட்கிழமை தாள் திரும்பி வந்தது. நூற்றுக்கு நாற்பது. ஓரத்தில் சிவப்பு மையில், "வெற்றிப் பயணம் எங்கே? துணியைத் தவிர்க்கவும்" என்று இருந்தது. பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரையைத் தேதியோடு சேர்த்துக் காப்பியடித்திருந்த சமையல்காரருக்கு எண்பத்தைந்து.

புதன்கிழமை மடிப்பு இரண்டாவது முறையாக அதிகாரியின் அறைக்குப் போனார். இந்த முறை நிச்சயமாக நின்றுவிடுவது என்று போனார். அறுவைச் சிகிச்சை தாமதமானதைப் பற்றி மருத்துவர் எழுதிய புகார் அதிகாரியின் மேசையில் கிடந்தது. இரண்டு பக்கம். ஒவ்வொரு வரியிலும் மடிப்பின் பெயர். அவர் வாயைத் திறப்பதற்குள் அதிகாரி அந்தப் புகாரை நான்காக மடித்து இழுப்பறைக்குள் போட்டு மூடினார். பிறகு கடிகாரத்தைப் பார்த்து, மணி நாலரை ஆகிறதே, வகுப்புக்கு நேரமாகவில்லையா என்று கவலையோடு விசாரித்தார். மடிப்பு நடக்கச் சிரமப்படக் கூடாது என்று மருத்துவமனை ஜீப்பில் கொண்டுபோய் விடச் சொன்னார்.

ஜீப்பில் போகும்போது மடிப்பின் சந்தேகமெல்லாம் தீர்ந்தது. பதவி தனக்குத்தான். கட்டுரைக்கு நாற்பது கொடுத்ததுகூடச் சோதனையாகத்தான் இருக்கும்.

சான்றிதழ் வழங்கும் விழாவுக்கு அதிகாரிதான் சிறப்பு விருந்தினர். மடிப்பின் மனைவி வந்தாள், அவள் அக்காவும் சகலையும் வந்தார்கள். பன்னிரண்டு பேரும் மேடை ஏறி, தலைவனின் நடையில் நடந்து, சான்றிதழ் வாங்கினார்கள். மரப் பலகை மேடை இரண்டு இடத்தில் விரிசல் விட்டது. பயிற்றுநரின் சேவையைப் புகழ்ந்து பேசும்போது அதிகாரி இரண்டு முறை கைக்குட்டையை எடுத்தார். கல்விமீது இத்தனை பற்றா என்று மடிப்பின் மனைவிகூட நெகிழ்ந்து போனாள். புது வேலையில் அறை கிழக்குப் பார்த்ததா, மேற்குப் பார்த்ததா என்று சகலை கேட்டார். அதெல்லாம் சேர்ந்த பிறகு சொல்கிறேன் என்று மடிப்பு பெருந்தன்மையோடு பதில் சொன்னார்.

மறுநாள் காலை பிளாஸ்டிக் உறையில் போட்ட சான்றிதழுடன் அதிகாரியின் அறை வாசலுக்குப் போனார். வராந்தாவில் ஏற்கெனவே பதினொரு பேர் பதினொரு பிளாஸ்டிக் உறைகளுடன் நின்றுகொண்டிருந்தார்கள். பியூன் ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினார். உள்ளே போன ஒவ்வொருவரும் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தார்கள். வந்தபோது எல்லோருடைய தோளும் கொஞ்சம் உயர்ந்திருந்தது. பிணவறை உதவியாளர் மட்டும் ஒருவித நாணத்தோடு போனார்.

மடிப்பு கடைசி. அதிகாரி அவரை உட்கார வைத்து, தேநீர் வரவழைத்து, சான்றிதழை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்து மகிழ்ந்தார். பின் பக்கத்தில் ஒன்றும் இல்லை.

மடிப்பு நேராகவே கேட்டுவிட்டார். "ஐயா, அந்தப் பொது மேற்பார்வையாளர் பதவி எனக்குத்தானே?"

அதிகாரி பெருமூச்சு விட்டார். எல்லாம் பரிசீலனையில் இருக்கிறது, அவசரப்பட்டால் காரியம் கெட்டுவிடும், அதற்குள் இன்னொரு தகுதியையும் கையில் வைத்துக்கொள்வது நல்லது என்றார். இழுப்பறையைத் திறந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்தார். உயர்நிலைத் தலைமைப் பண்பு, இரண்டாம் பகுதி, ஆறு மாதம், வாரம் ஐந்து நாள். மடிப்பின் பெயர் அதில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது.

"உங்களை மாதிரி ஆளுங்கதான் தேவை" என்றார் அதிகாரி. கண் லேசாகக் கலங்கியிருந்தது.

அந்தக் கண்ணைப் பார்த்த பிறகு மடிப்பால் மறுக்க முடியவில்லை. கையெழுத்துப் போட்டார். போடும்போதே, ஒரு பகுதி படித்தவனுக்கு அறை என்றால் இரண்டு பகுதி படித்தவனுக்கு என்னவெல்லாம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டார். மனைவியிடம் எப்படிச் சொல்வது, அவள் அக்காவிடம் எப்படிச் சொல்வாள் என்று வாக்கியங்களைக் கோத்துக்கொண்டே, தோளை உயர்த்தி மூச்சை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பியூன் எழுந்து நின்று, இரண்டாம் பகுதியிலும் சேர்ந்தாயிற்றா என்று கேட்டார். ஆயிற்று என்று மடிப்பு தலையசைத்தார்.

"உங்களுக்கெல்லாம் பெரிய மனசுங்க" என்றார் பியூன், குரலைத் தாழ்த்தி. "பன்னெண்டு பேர் சேரலைன்னா கிளாஸை மூடிடுவாங்களாம், மூடிட்டா நம்ம ஐயாவோட மாப்பிள்ளை அந்தக் கறுப்புக் கோட்டைக் கழட்டிட்டு மறுபடியும் ஐயா வீட்டு சோபாவுல வந்து படுத்துடுவாரு."